யோகோ அண்ணி

என் அண்ணிக்கு நான் ஒரு பட்டப்பெயர் வைத்தேன். 1993இல், அப்பாவின் அறுபதாம் கல்யாணத்தன்று, பந்தி நடந்துகொண்டிருந்தபோது வைத்தேன். அவரை அவமானப்படுத்தத்தான் வைத்தேன். அது அவருக்குத் தெரியாது. பதினோரு வருடம் அந்தப் பெயரைப் பிரியமாகவே ஏற்றுக்கொண்டிருந்தார். நான் செய்தது என்ன என்பதை இப்போதாவது முழுசாகச் சொல்லிவிட வேண்டும்.

அண்ணன் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். கூட வேலை பார்த்த ஆங்கிலோ இந்தியர் ஒருவரிடமிருந்து 1983இல் ஒரு கேசட் வாங்கி வந்தார். பீட்டில்ஸ். எனக்குப் பதினாறு வயது. அதுவரை எங்கள் வீட்டு டேப் ரிக்கார்டரில் இளையராஜாவும் சீர்காழியும்தான். அன்றைக்கு ராத்திரி அந்தக் கேசட்டை எத்தனை முறை திருப்பித் திருப்பிப் போட்டோம் என்று கணக்கில்லை. விடிந்தபோது எனக்கு வேறு காது வந்திருந்தது.

ஆங்கிலம் எங்கள் இருவருக்கும் அரைகுறை. அண்ணன் பாஸ் பட்டனை அழுத்தி அழுத்தி, காதில் விழுந்ததை அப்படியே தமிழ் எழுத்தில் நாற்பது பக்க நோட்டில் எழுதுவார். 'இஃப் ஐ ஃபெல்' என்று ஒரு பாட்டு, 1964இல் வந்தது. ஜான் லெனன் கீழ்க்குரல், பால் மெக்கார்ட்னி மேல்குரல். இருவரும் ஒரே மைக்கில் நெருங்கி நின்று பாடிப் பதிவு செய்தது. இரண்டு மெட்டு தனித்தனியாக நடக்கும். ஆனால் ஒன்றை எடுத்துவிட்டால் மற்றதற்கு உயிர் இல்லை. மொட்டைமாடியில் அண்ணன் கீழே பிடிப்பார், நான் மேலே போவேன். சுருதி சேருகிற அந்த இடத்தில் மார்புக்கூடு லேசாக அதிரும். வாழ்க்கையில் அதைவிட நெருக்கமாக நான் இன்னொரு மனிதரோடு இருந்ததில்லை. இன்றைக்கும் சொல்வேன், இருபதாம் நூற்றாண்டில் இரண்டு ஆண்குரல்கள் சேர்ந்த சேர்க்கையில் அதற்கு ஈடு இல்லை.

1989இல் அண்ணனுக்குக் கல்யாணம். 1992இல் அண்ணனும் அண்ணியும் கைக்குழந்தையோடு ரயில்வே குவார்ட்டர்ஸுக்குத் தனிக்குடித்தனம் போனார்கள். மாடிப் பாட்டு நின்றது. ஊரில் யார் கேட்டாலும் நான் சொன்ன காரணம் ஒன்றே ஒன்று: அண்ணி வந்தார், அண்ணன் மாறிவிட்டார்.

இதைச் சொல்ல எனக்கு ஒரு கதை தயாராக இருந்தது. ஜானின் வாழ்க்கைக்குள் யோகோ ஓனோ வந்தார், பீட்டில்ஸ் உடைந்தது. உலகம் முழுக்க ரசிகர்கள் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் அதை வேதவாக்காகவே எடுத்துக்கொண்டேன். ஜப்பான்காரி, ஜானைவிட ஏழு வயது மூத்தவள், வாய்க்கு வந்தபடி கத்துகிறவள், அழைக்காமல் ஸ்டூடியோவுக்குள் வந்து உட்கார்ந்தவள். நான் நடத்திய ரிக்கார்டிங் சென்டரில் பீட்டில்ஸ் பதியச் சொல்லி யார் வந்தாலும் இந்தக் கதையையும் சேர்த்தேதான் கொடுத்தனுப்புவேன். ஆவதும் பெண்ணாலே, அழிவதும் பெண்ணாலே என்று சொல்லிப் பழகிய நாக்குக்கு லண்டன் விவகாரம் ஒன்றும் அந்நியமாக இல்லை.

அறுபதாம் கல்யாணத்தன்று அண்ணி இலைக்கு நெய் ஊற்றிக்கொண்டு வந்தார். என் பக்கத்தில் சித்தப்பா பையன்கள். "இவங்கதான் எங்க வீட்டு யோகோ" என்றேன். விஷயம் தெரிந்தவர்கள் சிரித்தார்கள். அண்ணியும் சிரித்தார். "அது யாரு தம்பி?" என்று கேட்டார். "ஜப்பான்ல பெரிய இடத்துப் பொண்ணு. உலகத்துலயே பெரிய பாட்டுக்காரரோட சம்சாரம்" என்றேன். அவர் முகம் மலர்ந்தது. கொழுந்தன் பிரியமாகப் பெயர் வைக்கிறான் என்று நினைத்துக்கொண்டார். குழந்தைகள் 'யோகோ அண்ணி', 'யோகோ சித்தி' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவர்கள் வீட்டுக்கு போன் வந்த பிறகு, நான் கூப்பிட்டால் எடுத்தவுடன் "யோகோ அண்ணி பேசறேன்" என்பார். அந்தக் குரலில் இருந்த உற்சாகம் இன்னும் என் காதில் இருக்கிறது.

2004இல் அண்ணன் மகள் பள்ளிக்கூடத்தில் யாரோ சொல்லி, பிறகு தானே தேடிப் படித்து, அம்மாவிடம் அந்தப் பெயரின் அர்த்தத்தைச் சொல்லியிருக்கிறாள். எனக்கு அது உடனே தெரியாது. அடுத்த முறை போன் செய்தபோது அண்ணி "நான் பேசறேன்" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தப் பெயரை அவர் சொல்லவில்லை. என்னை ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

அந்த வருடங்களில் எனக்கு உண்மை தெரியாது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. பீட்டில்ஸ் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தவன் நான். மேனேஜர் பிரையன் எப்ஸ்டீன் 1967 ஆகஸ்டில் 32 வயதில் செத்துப்போனது தெரியும். அதற்குப் பிறகு கணக்கு வழக்கைப் பார்க்க ஆளில்லாமல் அவர்களுடைய ஆப்பிள் கம்பெனியில் பணம் கரைந்தது தெரியும். 1968 ஆகஸ்டில் டிரம்மர் ரிங்கோ கோபித்துக்கொண்டு போய் இரண்டு வாரம் கழித்துத் திரும்பியதும், 1969 ஜனவரி 10ஆம் தேதி ஜார்ஜ் ஹாரிசன் வேலையை விட்டு எழுந்து போனதும் தெரியும். ஜார்ஜ் பாட்டுகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஜானுக்கும் பாலுக்கும் அதைக் காது கொடுத்துக் கேட்கப் பொறுமை இல்லை. பிரிந்த அதே வருடம் அவர் மூன்று இசைத்தட்டு கொண்ட ஒரு ஆல்பத்தை வெளியிட்டார் என்றால் எவ்வளவு தேங்கிக் கிடந்திருக்க வேண்டும்!

எல்லாவற்றுக்கும் மேல், பணம். ஆலன் க்ளைன் என்பவர் நிர்வாகத்துக்கு வரட்டும் என்று ஜான், ஜார்ஜ், ரிங்கோ மூவரும் சொன்னார்கள். தன் மனைவி லிண்டாவின் அப்பாவும் அண்ணனும் பார்க்கட்டும் என்றார் பால். கடைசிவரை க்ளைனுக்குக் கையெழுத்துப் போடவில்லை. 1970 டிசம்பர் 31ஆம் தேதி பால், கூட்டைக் கலைக்கச் சொல்லி மற்ற மூவர் மேலும் லண்டன் ஹைகோர்ட்டில் வழக்குப் போட்டார். சிறுவயதிலிருந்து ஒன்றாக வாசித்தவர்கள் வக்கீல் வைத்துப் பேசிக்கொண்டார்கள். இந்த அத்தியாயத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. கடையில் கேசட் பதியும்போது மணிக்கணக்காகப் பேசுகிறவன், இதற்கு வரும்போது மட்டும் யோகோவிடம் தாவிவிடுவேன்.

ஏன் என்றால், அந்த ரிக்கார்டிங் சென்டரே அண்ணன் பணம். 1990 மார்ச்சில் தன் பெயரில் சொசைட்டி லோன் போட்டு எனக்கு 20,000 ரூபாய் கொடுத்தார். மாதம் 450 ரூபாய் அவர் சம்பளத்தில் பிடித்தார்கள். மாதாமாதம் நான் கொடுத்துவிடுவதாகப் பேச்சு. நான்கு மாதம் கொடுத்தேன். அப்புறம் நிறுத்திவிட்டேன். கடையில் வந்த காசுக்கு நல்ல டெக் வாங்கினேன், இறக்குமதி இசைத்தட்டு வாங்கினேன். அண்ணன் இரண்டு வருடத்தில் இரண்டே முறை கேட்டார். இரண்டாவது முறை கேட்டபோது நான் கத்தினேன். வெளியே எழுத முடியாத வார்த்தைகள். அவர் பேசாமல் எழுந்து போனார். அடுத்த மாதம் குவார்ட்டர்ஸ்.

அந்தச் சண்டை நடந்த ராத்திரி அண்ணி வீட்டிலேயே இல்லை. குழந்தையோடு லால்குடியில் அம்மா வீட்டில் இருந்தார். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டுதான் அந்தப் பெயரை வைத்தேன். பிரிவுக்குக் காரணம் பணம் என்று லண்டன் கதையில் நான் ஒப்புக்கொண்டால், பொன்மலைக் கதையிலும் ஒப்புக்கொள்ள வேண்டிவரும். அதனால் எனக்கு யோகோ குற்றவாளியாகவே இருக்க வேண்டியிருந்தது.

2022 பொங்கலுக்கு அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த 1969 ஜனவரியில் பீட்டில்ஸைப் படம்பிடித்ததை வைத்து பீட்டர் ஜாக்சன் செய்த 'கெட் பேக்' அப்போதுதான் வந்திருந்தது. மூன்று பாகம், எட்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அண்ணனும் நானும் முப்பது வருடம் கழித்துப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பீட்டில்ஸ் பார்த்தோம். கீழே அண்ணி முறத்தை மடியில் வைத்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்.

திரையில் யோகோ ஜானின் தோளை ஒட்டி உட்கார்ந்திருக்கிறார். செய்தித்தாள் படிக்கிறார். ஏதோ தைக்கிறார். வந்த தபாலைப் பிரிக்கிறார். ஒருசில முறை மைக்கில் குரலெழுப்புகிறார், உண்மைதான். அதுவும் மற்றவர்கள் வாசித்துக்கொண்டே சேர்ந்துகொள்கிறபோது. யாரையும் நிறுத்தச் சொல்லவில்லை. யார் பாட்டிலும் தலையிடவில்லை. 1968 நவம்பரில்தான் அவருக்குக் கரு கலைந்திருந்தது. இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதையும் நான் படித்திருந்தேன், கடந்து போயிருந்தேன். அந்தப் படத்தில் பாலே சொல்கிறார்: ஐம்பது வருடம் கழித்து, யோகோ ஒரு ஆம்ப்ளிஃபயர் மேல் உட்கார்ந்ததால் இவர்கள் பிரிந்தார்கள் என்று சொல்லப்போகிறார்கள், எவ்வளவு அபத்தமாக இருக்கும் என்று. ஐம்பது வருடம் கழித்து அதைச் சொல்லிக்கொண்டிருந்தவன் அந்த அறையில் இருந்தான்.

அண்ணி தலை நிமிர்ந்து பார்த்தார். விரல் மொச்சையை உரித்துக்கொண்டே இருந்தது.

"இவங்கதானா அது?"

"ஆமா அண்ணி."

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "பாவம், சும்மாதானே உட்காந்திருக்காங்க" என்றார்.

அண்ணன் எதுவும் சொல்லவில்லை. ஓடவிட்டுக்கொண்டே இருந்தோம். ஜனவரி 30, ஸேவில் ரோ, மொட்டைமாடி. குளிர். ஜான் தோளில் கிடந்தது யோகோவின் ரோமக் கோட்டு. யோகோ புகைபோக்கி ஓரம் ரிங்கோவின் மனைவியோடு ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறார். தன் கோட்டைக் கழற்றி ஜானுக்குக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறவளைத்தான் நான் முப்பது வருடம் திட்டியிருக்கிறேன்.

அண்ணன் தூங்கப் போன பிறகு சமையலறைக்குப் போனேன். அண்ணி உரித்த மொச்சையைத் தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தார். பெயரைப் பற்றிச் சொன்னேன். வேண்டுமென்றே வைத்தேன் என்று சொன்னேன். பணத்தைப் பற்றிச் சொன்னேன், அந்த ராத்திரி நான் கத்தியதையும் சொன்னேன். அண்ணன் அதை அவரிடம் சொல்லியே இருக்கவில்லை என்பது அவர் நின்ற நிலையில் தெரிந்தது. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று கேட்க வாய் வந்தது, சத்தம் வரவில்லை.

அண்ணி கையைத் துடைத்துக்கொண்டார்.

"அந்த லோன் 95 மார்ச்சோட முடிஞ்சிடுச்சு தம்பி" என்றார். "அறுபது மாசம். நான்தான் சம்பளச் சீட்டப் பாத்து டிக் பண்ணி வைப்பேன்."

விளக்கை அணைத்துவிட்டு உள்ளே போனார்.