சாம்பலில் பங்கு

தியாகராய நகரில் நாம் தமிழ் கற்பித்து வந்த காலம். 2012ஆம் ஆண்டு என்று நினைவு. வகுப்புக்குத் தாமதமாக வந்து நின்ற மாணவன் ஒருவனைப் ‘புறம்போக்கு’ என்று ஏசினோம். பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் நிமிர்ந்து பார்த்து, “ஆமா சார், எங்க வீடு புறம்போக்குலதான் இருக்கு” என்றான். அதில் துடுக்கு இல்லை. முகவரி கேட்டவருக்குச் சொல்வது போலவே சொன்னான். சைதாப்பேட்டைப் பக்கம் அடையாற்றங்கரையில் அவன் குடும்பம் குடியிருந்தது. பிள்ளைகள் மேலும் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம். பிறகு அதை மறந்தும் போனோம்.

மறந்ததை நினைவூட்டியது ஒரு பாட்டு. 2017ஆம் ஆண்டு பொங்கலன்று வெளியான ‘சென்னை புறம்போக்குப் பாடல்’ என்னும் இசைக் காணொளியைச் சில மாதங்கள் கழித்து நம் மகள் கொண்டுவந்து காட்டினாள். “வாப்பா, பாட்டுன்னு ஒதுக்கிடாதீங்க. ஒரு தடவை முழுசாப் பாருங்க” என்றாள். இசையைப் பற்றி இமாம்களிடையே உள்ள கருத்து வேறுபாட்டை வாசகர்கள் அறிவார்கள்; அதை இங்கே கிளற வரவில்லை. மகள் சொல்லுக்காகப் பார்த்தோம். பார்த்து முடித்தபின் நெடுநேரம் நம்மால் பேச இயலவில்லை.

பாடியவர் டி.எம். கிருஷ்ணா. மயிலாப்பூர்ச் சபாக்களின் இசையில் ஊறியவர்; 2016இல் மகசேசே விருது பெற்றவர். பாட்டை எழுதியவர் கபேர் வாசுகி. கருத்தின் மூலவர் சுற்றுச்சூழல் போராளி நித்தியானந்த் ஜெயராமன். காணொளியை இயக்கியவர் ரதீந்திரன் பிரசாத். சோஃபியா அஷ்ரஃப் பாடி 2015இல் வெளியான கொடைக்கானல் பாதரசப் பாட்டையும் இயக்கியவர் இவரே. அங்கே வெப்பமானித் தொழிற்சாலையில் பாதரசத்துக்கு ஆளானவர்களின் நெடுநாள் வழக்கை அப்பாட்டு உலகறியச் செய்தது. 2016 மார்ச்சில் நிறுவனம் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் உடன்பாடு செய்துகொண்டது.

இசைக்குக் காட்சி தேடுகிறவர்கள் அருவியையும் மலர்த்தோட்டத்தையும் நாடுவதே வழக்கம். இவர்கள் போன இடமோ வட சென்னையின் எண்ணூர். கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்கும் கழிமுகம். பாடகரின் முகத்தில் மாசுக்கு அஞ்சி அணியும் முகமூடி. பின்னே அனல்மின் நிலையங்களின் புகைபோக்கிகள். நல்ல பகல் வெளிச்சத்தில் எடுத்த படம்தான். ஆயினும் இதைப்போல் இருண்ட படம் ஒன்றை நாம் கண்டதில்லை.

இப்படத்தைப் பிறப்பித்த ஊற்றுகள் மூன்று எனலாம். முதலாவது அந்தச் சொல். புறம்போக்கு என்பது நில ஆவணச் சொல். தனியார் பட்டாவுக்கும் தீர்வைக்கும் புறம்பாக, ஊர்ப் பொதுவுக்கென்று விடப்பட்ட நிலம் அது. ஏரிப் புறம்போக்கு, மேய்ச்சல் புறம்போக்கு, ஆற்றுப் புறம்போக்கு என்று அதன் வகைகள் விரியும். எல்லாருக்கும் பயன்பட்ட ஒன்றின் பெயர் எதற்கும் பயன்படாதவன் என்னும் வசையாகத் தேய்ந்ததே, அந்தத் தேய்வைத் திருத்துவதே இப்பாட்டின் நோக்கம். இரண்டாவது, 2015 டிசம்பர் வெள்ளம். நீர் தங்கவும் வடியவும் இருந்த புறம்போக்குகளைக் கட்டடங்களால் மூடிய நகரத்துக்கு அடையாறு அன்று கணக்குச் சொன்னது. மூன்றாவது எண்ணூர். நிலக்கரிச் சாம்பல் நீரோடு கலந்து குழாய் வழியே போக, குழாய் கசிந்த இடமெல்லாம் ஆற்றில் சேறாகப் படிந்தது. மீனும் இறாலும் பிடித்து வாழ்ந்தவர்களின் வலை வெறுமையாயிற்று.

ஆனந்தபைரவி, பேகடா, தேவகாந்தாரி என்று இராகங்கள் மாறி வரும் அந்தப் பாட்டின் மொழி சென்னைத் தெருத் தமிழ். சபை ஏற்காத மொழியைச் சபையின் இராகத்தில் அமர்த்தி, அந்த இராகத்தையும் சாம்பல் மண்ணுக்கு அழைத்துப் போனார்கள். புறம் தள்ளப்பட்ட சொல், புறம் தள்ளப்பட்ட மொழி, புறம் தள்ளப்பட்ட நிலம் ஆகிய மூன்றையும் ஓரிடத்தில் நிறுத்தியதே இயக்குநரின் திறம்.

மதரஸாவில் நாம் ஓதிய அரபுக் கஸீதாக்களின் தொடக்கம் நினைவுக்கு வந்தது. காதலியின் கூட்டத்தார் கூடாரம் பெயர்த்துப் போன இடத்தில், அடுப்புக்கல்லும் சாம்பலும் மட்டும் எஞ்சிய மணலில், கவிஞன் ஒட்டகத்தை நிறுத்தி அழுவான். நம் தமிழிலும் கடற்கரையாகிய நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல் என்றே வகுத்தார்கள். இந்தக் காணொளி அவ்விரண்டு மரபுக்கும் உறவு. ஒரு வேறுபாடு உண்டு. அரபுக் கவிஞன் அழுது முடித்து ஒட்டகம் ஏறிப் போய்விடுவான். எண்ணூரின் மக்கள் எங்கும் போகவில்லை. சாம்பலின் நடுவே இன்னும் குடியிருக்கிறார்கள்.

சாம்பல் என்றதும் ஃபிக்ஹுப் பாடம் ஒன்று நெஞ்சில் தைத்தது. இமாம் நவவி அவர்களின் ‘மின்ஹாஜ்’ கிதாபில், தரிசு நிலத்தை உயிர்ப்பிக்கும் பாடத்தில், ‘ஹரீம்’ என்றொரு சொல் வரும். ஊரைச் சுற்றி எவரும் உடைமையாக்கிக் கொள்ளலாகாத பொது நிலம் அது. மக்கள் கூடும் இடம், குதிரை ஓட்டும் இடம், ஒட்டகம் படுக்கும் இடம் என்று எண்ணி வந்து, சாம்பல் கொட்டும் இடத்தையும் அதில் சேர்த்திருக்கிறார்கள். பல்லாண்டு மாணவர்களுக்கு இதை ஓதிக்கொடுத்திருக்கிறோம். ஹரீம் என்பது நம் ஊர்ப் புறம்போக்கே என்று ஒருநாளும் நமக்குத் தோன்றவில்லை! ஓர் ஊரின் சாம்பல் அவ்வூரின் ஹரீமில் விழ வேண்டும் என்பதல்லவா அப்பாடத்தின் நீதி? நம் நகரமோ தன் சாம்பலை இன்னோர் ஊரின் ஹரீமில் கொட்டுகிறது.

தண்ணீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் முஸ்லிம்கள் பங்காளிகள் என்னும் கருத்தில் பெருமானார் (ஸல்) அவர்களின் நபிமொழி ஒன்று அபூதாவூதில் உள்ளது. எண்ணூரில் மூட்டும் நெருப்பு மின்சாரமாகி மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் நம் வீடுகளில் விளக்காக எரிகிறது. அந்த விளக்கொளியில் அமர்ந்துதான் நாம் கிதாபு பார்க்கிறோம். நெருப்பில் பங்கு வாங்கிக்கொண்டோம். சாம்பலில் பங்கு கேட்கவில்லை.

அந்த மாணவனின் நினைவு இங்கேதான் திரும்பி வந்தது. அல்லாஹ்வுக்குச் செய்ய வேண்டிய கடமையில் தவறினால் அவனிடம் தவ்பா கேட்கலாம். அடியானுக்கு இழைத்த குற்றத்தை அந்த அடியான்தான் மன்னிக்க வேண்டும். இதையும் நாம் வகுப்பில் ஓதிக்கொடுத்தவர்களே. ஆகவே அவனைத் தேடிப் போனோம். அவன் வீடு இருந்த ஆற்றங்கரையில் வீடு எதுவும் இல்லை. வெள்ளத்துக்குப் பின் அங்கிருந்தவர்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள் என்றார் தேநீர்க் கடைக்காரர். பெரும்பாக்கத்துக்கும் போனோம். ஒரே சாயலில் வரிசை வரிசையாக நிற்கும் அடுக்குமாடிகள். பெயரைச் சொல்லி விசாரித்தோம். அந்தப் பெயரில் பலர் இருந்தார்கள், அவன் இல்லை.

அதன் பின்னும் இருமுறை போய்விட்டோம். இனியும் போவோம். வகுப்பில் அந்தச் சொல் வருமிடத்தில் இப்போது பாடத்தை நிறுத்தி, அதன் பொருளையும், அதை ஏச்சாக்கிய ஓர் ஆசிரியரின் கதையையும் மாணவர்களுக்குச் சொல்கிறோம். அந்த ஆசிரியர் யார் என்பதையும் மறைப்பதில்லை. அவன் கிடைக்க வாசகர்கள் துஆச் செய்வார்களாக.