இரண்டு பிரையன்கள், ஒரே இரைச்சல்

லைட்னிங் போல்ட் 2001-ல் வெளியிட்ட இரண்டாவது ஆல்பம் 'ரைடு த ஸ்கைஸ்'. அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரத்து ஜோடி: டிரம்ஸும் குரலும் பிரையன் சிப்பெண்டேல், பேஸ் கிட்டார் பிரையன் கிப்சன். வேறு ஆளே இல்லை.

இவர்களைப் பற்றிய விமர்சனங்களில் ஒரு வரி தவறாமல் வந்துவிடும்: "நேரில் கேட்பது போல் வருமா?" நியாயம்தான். மேடை ஏறாமல் தரையிலேயே, கூட்டத்துக்கு நடுவே நின்று வாசித்துப் பெயர் வாங்கியவர்கள். சிப்பெண்டேல் மைக்கை முகமூடிக்குள் செருகிக்கொண்டு கத்துவார். ஒரு சொல் புரியாது. வேர்வையும் தள்ளுமுள்ளும் சிடியில் ஏறுமா என்ன?

ஆனால் அதையே அளவுகோலாக வைத்து இந்த ஆல்பத்தை அளப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஹெட்போனில் கேளுங்கள். வெறும் இரைச்சல் என்று தோன்றுவதன் உள்ளே, கிப்சன் ஒரே துணுக்கைத் திரும்பத் திரும்ப வாசித்து, நாம் அசந்த நேரத்தில் திருப்பிவிடுவது கேட்கும். பேஸில் பாஞ்சோ தந்தி மாட்டியவர் ஆயிற்றே. அதிலிருந்து வரும் கீச்சொலியைக் கிட்டார் என்றே நினைப்பீர்கள். கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டு இதையெல்லாம் யார் கவனிப்பது?

2003-ல் வந்த 'வொண்டர்ஃபுல் ரெயின்போ'வைத்தான் பலரும் உச்சம் என்பார்கள். இருக்கட்டும். என் ஓட்டு 'ரைடு த ஸ்கைஸு'க்குத்தான். வீட்டில் பெரியவர்கள் தூங்கும் நேரத்தில் மட்டும் ஸ்பீக்கரில் போட்டுவிடாதீர்கள்.