பக்கத்து வீட்டார் பார்த்துவிட்டால்

ஒரு முதியவருக்கு நினைவு தடுமாறுவதை வெளியூரில் இருக்கும் பிள்ளைகளைவிட முன்னதாகக் கவனிப்பவர்கள் பால் போடுகிறவர், மருந்துக்கடைக்காரர், மாடிப்படியில் எதிர்ப்படும் பக்கத்து வீட்டார். வீடியோவில் மகனிடம் அம்மா பத்து நிமிடம் தெளிவாகவே பேசிவிடுவார். மேசைமேல் கிடக்கும் மாத்திரை அட்டைகள்தான் விஷயத்தைச் சொல்லும்: ரத்த அழுத்த மாத்திரை ஒரு வாரத்துக்கானது இரண்டே நாளில் தீர்ந்திருக்கும், சர்க்கரை மாத்திரையில் கையே பட்டிருக்காது. இதைப் பார்த்தவர், உறவினர் இல்லை என்றாலும் வாய் திறக்க வேண்டும், சீக்கிரமே திறக்க வேண்டும் என்பது என் கட்சி.

'வயசானால் அப்படித்தான்' என்று விட்டுவிடுவதில் இழப்பு பெரிது. தைராய்டு குறைந்தாலும், பி12 பற்றாக்குறை இருந்தாலும், மனச்சோர்வு வந்தாலும் மறதி வரும். எப்போதோ தலையில் பட்ட அடி, சில வாரம் கழித்து மூளைமேல் ரத்தக்கட்டாகி அதே வேலையைச் செய்யும். வெறும் சிறுநீர்த் தொற்றே ஒரு முதியவரை இரண்டு நாளில் ஆள் தெரியாமல் பிதற்ற வைத்துவிடும். இவற்றுக்கெல்லாம் வைத்தியம் உண்டு. அல்சைமராகவே இருந்தாலும், முன்கூட்டித் தெரிந்தால் தன் காரியத்தைத் தானே தீர்மானிக்க அவருக்கு அவகாசம் கிடைக்கும். சித்த சுவாதீனம் போய்விட்டால் அவர் எழுதிக்கொடுத்த பவர் பத்திரமும் நம் ஒப்பந்தச் சட்டப்படி முடிந்துபோகிறது. அப்புறம் அவருடைய சொத்தை அவருடைய சிகிச்சைக்கே பயன்படுத்தக் குடும்பம் நீதிமன்றம் ஏற வேண்டும். கோமாவில் கிடந்த கணவரின் சொத்தைக் கையாள ஒரு மனைவி, தனி நீதிபதி மறுத்தபின் மேல்முறையீடு செய்துதான் 2024-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் அனுமதி பெற்றார். தெளிவு இருக்கும்போதே என்றால் வேலை எளிது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, மனநலச் சிகிச்சை விஷயத்தில் தனக்காகப் பேசும் பிரதிநிதியை வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டே நியமிக்கலாம். அந்தப் பிரதிநிதி உறவினராகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை.

'அடுத்த வீட்டு விஷயத்தில் தலையிட்டால், வீட்டின்மேல் கண் என்பார்களே?' நியாயமான பயம். தனித்திருக்கும் முதியவர்களிடம் ஒட்டிக்கொண்டு வீட்டை எழுதி வாங்கியவர்கள் உண்டு. அதனாலேயே பணம், சாவி, பத்திரம் எதையும் தொடாமல், பார்த்ததை மட்டும் தேதியோடு எழுதி, ஒருவருக்கு மேற்பட்ட உறவினர்களுக்குத் தெரிவிப்பது நல்லது. 'அவரே டாக்டரிடம் வர மாட்டேன் என்றால்?' அவர் முடிவு நமக்குத் தவறாகப் படுவதாலேயே அவருக்குப் புத்தி தெளிவில்லை என்று ஆகிவிடாது. மேற்சொன்ன மனநலப் பராமரிப்புச் சட்டமே அப்படித்தான் சொல்கிறது. இழுத்துக்கொண்டு போவது கொடுமை. வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் பிரஷர் பார்க்கக் கூடப்போவதாகச் சொன்னால் பெரும்பாலும் மறுக்க மாட்டார். போகும்போது அந்த மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொள்ளச் சொல்லலாம். சொந்தபந்தம் கேட்டும் கேளாமல் இருந்தால் 14567 என்ற முதியோர் உதவி எண் இருக்கிறது. 2007-ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் சட்டத்தின் கீழ், கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் பராமரிப்பு விஷயத்தைத் தானாகவே கையில் எடுக்கலாம். மனுப் போடும் தெம்பு அந்த முதியவருக்கு இருக்க வேண்டியதில்லை. விஷயம் அங்கே போய்ச் சேர யாரோ ஒருவர் எழுதினால் போதும்.