மூலையில் இருந்த வீணை

எங்கள் வீட்டு உள்ளறையின் மூலையில் ஒரு வீணை இருக்கிறது. பச்சைத் துணியுறை போர்த்தியபடி 19 ஆண்டுகளாக அது அங்கேதான் இருக்கிறது. சரஸ்வதி பூசையன்று மட்டும் என் மனைவி அதை வெளியே எடுத்துத் துடைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டு, பிள்ளைகளின் புத்தகங்களோடு படத்தின் முன்னே வைப்பாள். பூசை முடிந்ததும் வீணை மறுபடியும் உறைக்குள் புகுந்துவிடும். நெடுநாள் ஓரிடத்திலேயே இருக்கும் பொருளைக் கண் காண்கிறது, மனம் காண்பதில்லை. அந்த வீணையை என் மனம் காணும்படி செய்தவர், கடல் கடந்த தேசமொன்றில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிக்கு மகளாகப் பிறந்த ஒரு பாடகி. அவர் பெயர் லொரெற்றா லின்.

கனடாவிலிருந்து விடுமுறையில் வந்திருந்த என் மைத்துனர் சில ஆங்கில நூல்களை விட்டுச் சென்றார். 'சுரங்கத் தொழிலாளியின் மகள்' என்று பொருள்படும் பெயரோடு 1976 இல் வெளிவந்த லொரெற்றாவின் சுயசரிதை அவற்றுள் ஒன்று. விடைத்தாள் திருத்திய களைப்புத் தீர அதைக் கையில் எடுத்தேன். முடிக்காமல் கீழே வைக்க மனம் வரவில்லை.

அமெரிக்காவிலே 'கண்ட்ரி' என்று வழங்கும் இசை, தென்பகுதிக் கிராமங்களிலும் அப்பலாச்சிய மலைகளிலும் வளர்ந்தது. பிரித்தானியாவிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் குடியேறியோர் கொண்டுவந்த கதைப்பாட்டும் பிடிலும், ஆபிரிக்க மக்களின் வழிவந்த பாஞ்சோ வாத்தியமும் அதிலே கலந்தன. உழைத்துக் களைத்தவர்கள் தங்கள் வீட்டுக் கதையைத் தாங்களே சொல்லும் பாட்டு அது எனலாம்.

லொரெற்றா 1932 இல் கென்ரக்கி மாநிலத்து மலைப் பள்ளத்தாக்கு ஒன்றில், எட்டுப் பிள்ளைகளுள் இரண்டாமவராகப் பிறந்தார். 1948 தை மாதத்தில் ஒலிவர் லின் என்பவரை மணந்தார். மணமானபோது தமக்கு வயது 13 என்றே அவர் நெடுங்காலம் சொல்லிவந்தார். 2012 இல் வெளிப்பட்ட பதிவுகளின்படி 15. எதுவாயினும் சிறுபெண்ணே. கணவரோடு நாட்டின் மறுகோடியிலுள்ள வாஷிங்ரன் மாநிலத்துக்குச் சென்ற அவர், 20 வயதாகும்போது நான்கு பிள்ளைகளின் தாய்.

அவர் வீட்டிலே பாடுவதைக் கணவர் கேட்டார்; 1953 இல் 17 டொலர் கொடுத்து ஒரு கிற்றார் வாங்கி வந்தார். சொல்லிக்கொடுக்க ஆசிரியர் இல்லை. லொரெற்றா தாமாகவே தடவித் தடவிப் பழகினார். ஊர் மேடையில் ஏறும்படி தூண்டியவரும் கணவரே. 1960 இல் முதல் இசைத்தட்டு வெளிவந்தபோது இருவரும் காரிலே ஊரூராகச் சென்று, வானொலி நிலையங்களில் அதை ஒலிபரப்பும்படி வேண்டினர். அவ்வாண்டிலேயே நாஷ்வில் நகரின் புகழ்பெற்ற 'கிராண்ட் ஓல் ஒப்ரி' மேடையிலே பாடினார். 1972 இல் கண்ட்ரி இசைச் சங்கம் ஆண்டின் சிறந்த கலைஞர் விருதை முதன்முறையாக ஒரு பெண்ணுக்கு அளித்தது, அப்பெண் லொரெற்றா.

இவ்வளவும் செய்த கணவர் உத்தமர் அல்லர். குடித்தார்; பிற பெண்களை நாடினார். லொரெற்றா அதை மூடிவைக்கவில்லை. குடித்துவிட்டு வரும் கணவனைக் கண்டிக்கும் அவருடைய பாட்டு 1967 இல் கண்ட்ரிப் பாடல்களின் வரிசையில் முதலிடம் பெற்றது. ஓயாத பிள்ளைப்பேற்றினால் வாடும் பெண்ணுக்காக, கருத்தடை மாத்திரையைப் பற்றி அவர் பாடிய பாட்டு 1975 இல் வந்தபோது, வானொலி நிலையங்கள் பல அதை ஒலிபரப்ப மறுத்தன. அடுக்களையிலே அடங்கிப்போயிருக்கவேண்டிய துயரம் பாட்டாகி நாடெங்கும் கேட்டது.

இந்த இடத்திலே நூலை மூடிவைத்துவிட்டேன். கண் தானாக அறையின் மூலைக்குச் சென்றது.

நான் குடிப்பவன் அல்லன். சம்பளத்தை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவருபவன். நல்ல கிரகஸ்தன் என்று ஊரார் சொல்வர். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். என் மனைவி மணமாகுமுன்னரே வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சையில் ஐந்தாந் தரம் சித்தியடைந்தவள். பெண் பார்க்கச் சென்ற அன்று வீணை மீட்டி ஒரு கீர்த்தனையும் பாடினாள். "பிள்ளை நல்லாய்ப் பாடுது" என்று என் தாயார் மகிழ்ந்தார். அதன் பின்பு அவளைப் பாடும்படி நான் கேட்டதில்லை. பாடவேண்டாம் என்று தடுத்ததும் இல்லை. மகன் பிறந்தான், மகள் பிறந்தாள், தாயார் பாயில் விழுந்தார், எனக்கு மாலை வகுப்புகள். மூன்றாம் ஆண்டிலே வீணையின் தந்தி ஒன்று அறுந்தது. பட்டினம் போகும்போது வாங்கி வரும்படி சொன்னாள். "பார்ப்போம்" என்றேன். அந்தப் 'பார்ப்போம்' சொல்லி 16 ஆண்டுகள். அறுந்த தந்தியோடுதான் அது ஒவ்வோர் ஆண்டும் சரஸ்வதி முன்னே இருந்திருக்கிறது; நானும் அதன் எதிரே நின்று கைகூப்பியிருக்கிறேன். குடிகாரர் ஒருவர் தம் மனைவிக்கு ஒரு வாத்தியமே வாங்கிக் கொடுத்தார். நல்லவனாகிய நான் ஒரு தந்தி வாங்கவில்லை.

அவருடைய குற்றத்தை அந்தக் கிற்றார் துடைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. லொரெற்றா பெற்ற புகழும் விலையின்றி வந்ததன்று. 1964 இல் அவருக்கு இரட்டைப் பெண்கள் பிறந்தனர். ஊர் ஊராகப் பாடித் திரிந்ததால் அவர்கள் வளர்வதை அருகிருந்து காணமுடியாமற் போயிற்று. 1984 இல் மூத்த மகன் தங்கள் பண்ணையை அடுத்த ஆற்றிலே மூழ்கி இறந்தபோது, தாய் இசைப்பயணத்தின் நடுவே நோயுற்று வெளியூர் வைத்தியசாலை ஒன்றிலே கிடந்தார். தம்மை உலகறியச் செய்த, தந்தையைப் பற்றிய பாட்டு 1970 இல் வெளிவந்தது. தந்தையோ 1959 இலேயே காலமாகிவிட்டார். மகளின் இசைத்தட்டு ஒன்றையேனும் அவர் கேட்கவில்லை. கணவர் நீரிழிவினால் நலிந்தபோது லொரெற்றா மேடையைக் குறைத்துக்கொண்டு அருகிருந்து பராமரித்தார். 1996 இல் அவரும் இறந்தார். அதன் பின்னும் பாட்டு நிற்கவில்லை. 2004 இல், 72 வயதில், வெளியிட்ட இசைத்தொகுப்புக்கு இரண்டு கிராமி விருதுகள் கிடைத்தன. 2022 இல், 90 வயதிலே, ரெனசி மாநிலத்திலுள்ள தம் வீட்டில் உறக்கத்திலே உயிர்நீத்தார்.

அன்று மாலை முற்றத்திலே முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்த மனைவியிடம் இக்கதையைச் சொன்னேன். இறுதிவரை பேசாமற் கேட்டாள்.

"அப்ப அந்தப் பிள்ளையளை ஆர் பாத்தது?" என்றாள்.

"வேலைக்கு ஆள் வைத்திருந்தார்கள். அதை நினைத்து அவருக்கும் கவலைதான்" என்றேன்.

சற்று நேரம் இலையை ஆய்ந்தாள். "அவ போய்ப் பாடினா. நான் இருந்து பிள்ளையளை வளத்தன். அதிலை எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனா இஞ்சருங்கோ, அவவைப் பாடச் சொல்லிக் கேக்க ஒரு ஆள் இருந்திருக்கு."

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுச் சுளகை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள்.

அடுத்த சனிக்கிழமை பட்டினம் சென்று ஒரு தொகுதித் தந்திகள் வாங்கி வந்தேன். அவள் அவற்றைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் மேசையிலே கிடந்தன. மூன்றாம் நாள் மாலை நான் கல்லூரியிலிருந்து வந்தபோது வீணை பாயிலே கிடந்தது. பிரடைகள் இறுகிப்போயிருந்தன, தந்திகளை மாட்டிச் சுருதி சேர்க்கவே அரைமணி நேரத்துக்கு மேலாயிற்று. "விரல் மறந்துபோச்சு" என்றாள். சரளி வரிசையிலிருந்து தொடங்கினாள். இரண்டாம் வரிசையிலே தடுமாறினாள். மறுபடியும் முதலிலிருந்து வாசித்தாள். மகள் படிப்பை நிறுத்திவிட்டு வாசற்படியில் வந்து நின்றாள். வீணை வாசிக்கும் தாயை அவள் அதுவரை கண்டதில்லை.

இதைப் படிக்கும் மாணவர்களுக்கு ஒன்று சொல்வேன். உங்கள் தாயாரும் ஒரு காலத்தில் பாடியிருப்பார், கோலமிட்டிருப்பார், கவிதை எழுதியிருப்பார். ஒருநாள் அருகே இருந்து, அது என்ன ஆயிற்று என்று கேளுங்கள். நான் கேட்பதற்கு 19 ஆண்டுகள் ஆயின.