விலைப்பட்டியலில் ஒரு தாய்

எங்கள் படிப்பு வட்டத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சின்னக் கேள்வி ஒன்றோடு தொடங்கினோம். "உங்கள் பாட்டியின் அம்மா பெயர் என்ன?" இருபது பேர் இருந்தோம். தாத்தாவின் அப்பா பெயரை ஏழெட்டுப் பேர் சொல்லிவிட்டோம். பாட்டியின் அம்மா பெயரைச் சொன்னது இரண்டே பேர். மற்றவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த வெட்கத்தோடுதான், அமெரிக்காவில் ஒரு சாதாரணப் பெண்ணின் குடும்பத்தை ஆய்வாளர்கள் தேடிப்போன கதையைப் படிக்க உட்கார்ந்தோம்.

அவர் பெயர் ரோஸ். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் தெற்குக் கரோலினாவில் அடிமையாக வாழ்ந்தவர். அவர் எழுதிய கடிதமில்லை, படமில்லை, கல்லறை தெரியாது. அவரைத் தேட ஒரு பழைய பருத்திச் சாக்குதான் வழிகாட்டியது.

2007இல் டென்னசி மாநிலத்தில், பழைய சாமான் சந்தையின் துணிக்குவியலில் ஒரு பெண்மணி அந்தச் சாக்கைக் கண்டெடுத்து 20 டாலருக்கு வாங்கினார். அதில் நூலால் சில வரிகள் தைக்கப்பட்டிருந்தன. தைத்தவர் ரூத் மிடில்டன், ஆண்டு 1921. செய்தி இதுதான்: ரூத்தின் கொள்ளுப்பாட்டி ரோஸ். பாட்டி ஆஷ்லி. ஆஷ்லி 9 வயதில் விற்கப்பட்டபோது தாய் ரோஸ் இந்தச் சாக்கைக் கொடுத்தனுப்பினார். உள்ளே ஒரு கந்தல் கவுன், மூன்று கைப்பிடி பெக்கான் கொட்டை, தன் கூந்தலில் ஒரு பின்னல். அது எப்போதும் தன் அன்பால் நிறைந்திருக்கும் என்று சொன்னார். அதன்பின் தாயும் மகளும் சந்திக்கவேயில்லை.

இந்த வரிகளைப் பிடித்துக்கொண்டு மார்க் ஆஸ்லாண்டர் என்ற மானிடவியலாளரும், பின்னர் டியா மைல்ஸ் என்ற கறுப்பின வரலாற்றாசிரியரும் பின்னோக்கி நடந்தார்கள். முதல் அடியிலேயே ஒரு பொறி. மிடில்டன் என்பது தெற்குக் கரோலினாவில் பெரிய பண்ணை முதலாளிகளின் பெயர். எனவே ரோஸ் அந்தப் பண்ணையில் இருந்திருப்பார் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் ரூத்துக்கு அந்தப் பெயர் வந்தது கணவர் வழியாக. பிறந்த வீட்டில் அவர் ரூத் ஜோன்ஸ். கொலம்பியா நகரில் பிறந்து பிலடெல்ஃபியாவுக்குக் குடிபெயர்ந்து, வீட்டு வேலை செய்து பிழைத்தவர். திருமணத்தோடு பெயர் மாறும் சமூகத்தில், பெண்களைத் தேடுகிறவர்கள் தலைமுறைக்கு ஒருமுறை இப்படி இடறத்தான் வேண்டும்.

அடுத்தது ஒரு சுவர். 1840வரை அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குடும்பத் தலைவர் பெயர் மட்டுமே எழுதப்பட்டது. வெள்ளையர் வீட்டு மனைவியும் மகளும்கூட வெறும் எண்ணிக்கைதான். 1850இல் சுதந்திரமான ஒவ்வொருவர் பெயரும் ஏறியது. அடிமைகளுக்கோ தனிப் பட்டியல்: முதலாளியின் பெயர், அதன் கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம். அவ்வளவுதான். 1860இல் ஏறக்குறைய 40 லட்சம் பேர் இப்படித்தான் எண்ணப்பட்டார்கள். விடுதலைபெற்ற இம்மக்களின் பெயர்கள் பொதுக் கணக்கெடுப்பில் ஏறியது 1870இல்தான். ஆப்பிரிக்க-அமெரிக்கர்களின் குடும்பத் தேடல் பெரும்பாலும் அந்த ஆண்டில் வந்து முட்டி நிற்கிறது.

சுவருக்கு அந்தப் பக்கம் போக ஒரு வழி உண்டு. அது முதலாளிகளின் காகிதம். சார்ல்ஸ்டன் நகரச் செல்வந்தர் ராபர்ட் மார்ட்டின் 1852இல் இறந்தார். சொத்தைப் பிரிக்க மதிப்பீடு எடுத்தார்கள். நிலம், வீடு, சாமான்களோடு மனிதர்களுக்கும் விலை போட்டார்கள். அந்தப் பட்டியலில் ரோஸ் என்ற பெண் 700 டாலர். ஆஷ்லி 300 டாலர். அந்நாட்களில் ரோஸ் என்ற பெயர் நிறையப் பேருக்கு இருந்தது. ஆஷ்லி என்ற பெயர் அடிமைப் பெண்களிடையே மிக அரிது. இரண்டும் ஒரே முதலாளியின் சொத்தில் இருப்பதால், இவர்கள்தான் அந்தத் தாயும் மகளுமாக இருக்கக்கூடும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

இந்த இடத்தில் எங்களில் ஒரு தோழர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். யாரும் வற்புறுத்தவில்லை.

பிறகு நெடுநேரம் பேசினோம். முதலாளியின் ஏட்டில் ரோஸ் ஒரு விலை. பேத்தியின் மகள் தைத்த துணியில் அவர் ஒரு தாய். ரூத் ஊசியை எடுக்காமலிருந்தால் அந்த 700 டாலரை இன்று யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். வீட்டு வேலைக்காரப் பெண் ஒருவரின் நினைவுதான், முதலாளிகளின் ஆவணத்தை அவர்களுக்கு எதிரான சாட்சியாக மாற்றியது. ரூத்தின் தாய் பெயர் ரோசா என்று பதிவுகள் சொல்கின்றன. கொள்ளுப்பாட்டியின் பெயரை அந்தக் குடும்பம் கைவிடவில்லை என்றே நாங்கள் அதைப் புரிந்துகொண்டோம்.

வேர் தேடுவது வசதியானவர்களின் பொழுதுபோக்கு என்று சிலர் நினைக்கிறார்கள். உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்ததும், விடுதலைபெற்ற மக்கள் விற்கப்பட்ட தாயை, பிள்ளையைத் தேடிச் செய்தித்தாள்களில் விளம்பரம் கொடுத்தார்கள். பல ஆண்டுகள் கழித்தும் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். உறவை அறுப்பது அடிமைமுறையின் அன்றாட வேலை. எனவே உறவைத் தேடுவது அவர்களுக்கு விடுதலையின் முதல் வேலையாக இருந்தது.

இது நமக்கும் தூரத்துக் கதையில்லை. 1873இல் மகாத்மா புலே தன் 'குலாம்கிரி' நூலை, கறுப்பின மக்களின் விடுதலைக்குத் துணைநின்ற அமெரிக்க மக்களுக்குத்தான் காணிக்கையாக்கினார். சென்னை மாகாணத்திலும் நம் முன்னோர் நிலத்தோடும் நிலமின்றியும் விற்கப்பட்டார்கள். அடிமைத்தனத்துக்கான சட்ட அங்கீகாரம் 1843இல்தான் நீக்கப்பட்டது. அந்த விற்பனை ஓலைகளிலும் விலை இருக்கிறது.

அடுத்த ஞாயிறு ஒரு தோழி நோட்டோடு வந்தார். ஊருக்குப் போன் போட்டு, பாட்டியிடம் ஒரு மணிநேரம் பேசியிருக்கிறார். பாட்டி முதலில், "அதெல்லாம் எதுக்குடி இப்ப?" என்றாராம். பிறகு ஐந்து பெண்களின் பெயரை வரிசையாகச் சொல்லி, ஐந்தாவது பெயரில் அழுதாராம். அந்த ஐந்து பெயர்களையும் எங்கள் வட்டத்தின் பதிவேட்டில் முதல் பக்கத்தில் எழுதினோம்.

இதைப் படிக்கும் தோழர்களே, இந்த வாரமே ஒரு நோட்டு வாங்குங்கள். பாட்டி இருக்கும்போதே கேளுங்கள்.