நகரத்துக்குள் நாலு ஊர்கள்

நம் நண்பர் ஒருவர் சமீபத்தில் ஸ்விட்ஸர்லாந்துக்குப் போய்த் திரும்பினார். அங்கே ஆல்ப்ஸ் மலைப் பள்ளத்தாக்குகளில் ஒரு பழைய கிராமத்திலிருந்து அடுத்த கிராமத்துக்கு நடந்தே போகலாமாம். வழி தவறாமல் இருக்க ஆங்காங்கே மஞ்சள் பலகை நட்டிருக்கிறார்களாம். "நம் ஊரில் அப்படி ஒரு வழி உண்டா?" என்று பெருமூச்சு விட்டார்.

"பேஷாக உண்டு. பலகைதான் கிடையாது. நாளைக் காலை ஐந்தரை மணிக்கு மயிலாப்பூர்த் தெப்பக்குளத்துக்கு வந்து சேரும்" என்றோம்.

மறுநாள் குளத்தின் மேலைக் கரையில் நின்றோம். எதிரே கபாலீசுவரர் கோயில். அதற்கும் அப்பால், 1906-ஆம் ஆண்டில் எழுந்த ராஜகோபுரத்தின் பின்னே கீழ்வானம் சிவந்துகொண்டிருந்தது. ஆங்கிலேயர் சென்னையில் காலூன்றிய வருஷம் 1639. அதற்குச் சுமார் ஆயிரத்து ஐந்நூறு வருஷம் முந்தியே கிரேக்க ஆசிரியர் தாலமி குறிப்பிட்ட துறைமுகம் ஒன்று மயிலைதான் என்பது ஆராய்ச்சியாளர் கொள்கை. ஆகவே மயிலாப்பூரைச் சென்னையின் ஒரு பேட்டை என்று சொல்வது, பாட்டியைப் பேத்தியின் பெயரால் அழைப்பது போலாகும்.

மயிலைக்கு மேற்கே ஒரு காலத்தில் பெரிய ஏரி ஒன்று நீண்டு கிடந்தது. 1920-களில் அதைத் தூர்த்துத் தியாகராய நகரை நிர்மாணித்தார்கள். பலத்த மழை பெய்தால் இன்றும் அந்தப் பக்கத்துத் தெருக்களில் தண்ணீர் தேங்குகிறது. மனிதர்கள் மறந்துவிட்ட விலாசத்தைத் தண்ணீர் மறக்கவில்லை!

கச்சேரி ரோடு வழியே கடற்கரையை நோக்கி நடந்தோம். கச்சேரி என்றால் சங்கீதக் கச்சேரி அல்ல, சர்க்கார் கச்சேரி. சாந்தோமில், போர்த்துக்கீசியர் கட்டிய பழைய மாதா கோயிலின் இடத்தில் 1896-ல் எழுந்த வெண்ணிறக் கோபுரம் நிற்கிறது. மயிலையின் ஆதிக் கோயிலும் கடலோரத்தில்தான் இருந்தது என்பார்கள்.

அங்கிருந்து தெற்கே திரும்பினோம். வழியெங்கும் நடைபாதை என்று ஒன்று உண்டு. ஆனால் அதன்மேல் அதிகமாகச் செல்பவை மோட்டார் சைக்கிள்கள். நண்பர் இரண்டு முறை தப்பிப் பிழைத்து, திரு.வி.க. பாலத்தை அடைந்தார். கீழே அடையாறு சாதுவாகக் கிடந்தது. 2015 டிசம்பரில் கரையோர வீடுகளுக்குள் புகுந்து, எத்தனையோ உயிர்களை வாரிக்கொண்டு போன ஆறு இதுவா என்று ஐயம் தோன்றியது.

பாலத்தைத் தாண்டினால் அடையாறு என்னும் ஊர். 1882-ல் பிரம்மஞான சபை இங்கே குடியேறியது. 1884-ல் அதன் மகாநாட்டுக்கு வந்த பிரமுகர்கள் சிலர் மயிலையில் திவான் பகதூர் ரகுநாத ராவ் வீட்டில் கூடி, தேசத்துக்கு ஒரு மகாசபை வேண்டும் என்று பேசியதாக அன்னி பெசண்ட் அம்மையார் எழுதியிருக்கிறார். மறு வருஷம் பம்பாயில் காங்கிரஸ் பிறந்தது. நாம் நடந்து வந்த வழியில் அந்தப் பெரியவர்களின் வண்டிகளும் போயிருக்கும்.

சபைத் தோட்டத்து ஆலமரத்தின் தாய்த்தண்டு 1989-ல் புயலில் சாய்ந்துவிட்டது. விழுதுகளோ இன்னும் மரத்தைத் தாங்கி நிற்கின்றன.

கடலோரம் சென்றதும் ஊரூர்க் குப்பம். கரையில் படகுகள், வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார் ஒரு முதியவர். "பெசண்ட் நகருக்குப் பக்கத்திலே இருக்கும் குப்பம் இதுதானே?" என்று நண்பர் கேட்டார்.

முதியவர் தலையை நிமிர்த்தவில்லை. "இல்லீங்க ஐயா. எங்க ஊருக்குப் பக்கத்திலேதான் பெசண்ட் நகர் வந்துச்சு" என்றார்.

நண்பர் வெகுநேரம் பேசவில்லை. நமக்கும் சுருக்கென்றது. முன்பே இருந்தவர்களை, பின்னால் வந்தவர்களைக் கொண்டு அடையாளம் சொல்லும் வழக்கம் நமக்கு எப்படி ஏற்பட்டது?

வெயில் ஏறும் வேளையில் திருவான்மியூரை அடைந்தோம். வால்மீகி முனிவர் வழிபட்டதால் அமைந்த பெயர் என்பது ஐதீகம். சம்பந்தரும் அப்பரும் பாடிய மருந்தீசுவரர் இங்கே மேற்கு நோக்கி வீற்றிருக்கிறார். அதற்கு ஒரு கதை உண்டு. அப்பைய தீக்ஷிதர் தரிசனத்துக்கு வந்த ஒரு நாள் வெள்ளம் கோயிலைச் சூழ்ந்துகொண்டதாம். சந்நிதிக்கு எதிரே வர முடியவில்லை. ஸ்வாமியின் முதுகுதான் தெரிந்தது. பக்தரின் வருத்தத்தைக் கண்டு ஸ்வாமியே அவர் பக்கம் திரும்பிவிட்டாராம்.

கதையைக் கேட்ட நண்பர், "மஞ்சள் பலகை நட வேண்டுமென்று நகரசபைக்கு எழுதலாமா?" என்றார்.

"தாராளமாக எழுதும். ஆனால் முதல் பலகையில் ஊரூர்க் குப்பத்தின் பெயர் இருக்கட்டும்" என்றோம்.

இந்த ஊர்கள் எங்கும் போய்விடவில்லை. ஏறக்குறைய எட்டொன்பது கிலோமீட்டர், ஒரு காலைப் பொழுது, அவ்வளவுதான். ஸ்வாமியே முகத்தைத் திருப்பியிருக்கிறார். நாம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தால் என்ன?