குதிரை வெச்ச பாட்டில்

போர்பன்னதும் நடுவுல க்ரீம் வெச்ச சாக்லேட் பிஸ்கட்டை நெனச்சு டீ கிளாசோட வந்து உக்காந்திருக்கற மக்கள், டீயைக் குடிச்சிட்டு அப்படியே கெளம்பிடலாம் :) இது அமெரிக்காவுல சோளத்துல காய்ச்சற விஸ்கி பத்தின பதிவு. குடிக்காதவங்களும் படிக்கலாம், ஏன்னா முக்கால்வாசி பாட்டிலைப் பத்திதான்.

மேட்டர் இதுதான். ப்ளான்டன்ஸ்னு ஒரு போர்பன் இருக்கு. குண்டா, பட்டை பட்டையா செதுக்கின மாதிரி பாட்டில். மூடி மேல உலோகத்துல ஒரு பந்தயக் குதிரை, அதுமேல குனிஞ்சு ஓட்டற ஜாக்கி. மொத்தம் எட்டு விதமான குதிரை. ஒவ்வொண்ணுலயும் ஓர் எழுத்து, எட்டையும் வரிசையா வெச்சா ப்ளான்டன்ஸ்ங்கற பேர் வரும். குதிரையும் முதல் எழுத்துல சும்மா நின்னு, அப்புறம் ஓடி, கடைசி எழுத்துல ஜெயிச்சு ஜாக்கி கையைத் தூக்கற வரைக்கும் படிப்படியா மாறும். எட்டும் சேர்க்கணும்னே பாட்டில் பாட்டிலா வாங்கறவங்க இங்க நிறைய பேர்.

எங்க மாமா ஜான் விக் படத்துல அந்தப் பாட்டிலைப் பாத்திருக்கார். படத்துல நாய் செத்தது, கார் போனது எதுவும் ஞாபகமில்ல, குதிரை மட்டும் ஞாபகமிருக்கு. பஸ் டிப்போவுல மெக்கானிக்கா முப்பது வருஷத்துக்கு மேல கழட்டி மாட்டி, இந்த வருஷம் ரிட்டயர் ஆகறார். "மாப்ள, ஊருக்கு வரும்போது அந்தக் குதிரை வெச்சது ஒண்ணு கொண்டா"ன்னு கேட்டார். நான் படிச்சு முடிச்சு இங்க சின்சினாட்டியில பொட்டி தட்டறதுக்கு அவர் ஒரு முக்கியமான காரணம். அது பின்னாடி வருது.

அவர் கேட்டது நல்ல சரக்கா, நல்ல பாட்டிலா? ரெண்டும் ஒண்ணுதானான்னு ஒரு சந்தேகம் வந்துச்சு. நம்ம தொழில் பாஷையில சொன்னா, ஃப்ரன்ட் எண்ட் பளபளன்னு இருக்கு, பேக் எண்ட் எப்படி?

கொஞ்சம் வரலாறு. ஒரு காலத்துல போர்பனுக்கு பாட்டிலே கெடையாது. பீப்பாயில வரும், கடைக்காரன் ஊத்திக் குடுப்பான். நடுவுல எத்தனை பேர் தண்ணி ஊத்தினாங்க, கலர் சேர்த்தாங்க, ப்ரூன் பழச்சாறு கலந்தாங்கன்னு யாருக்கும் தெரியாது. அப்போ விஸ்கியை டாக்டருங்களும் மருந்துன்னு எழுதிக் குடுத்துக்கிட்டிருந்தாங்க. லூயிவில்ல மருந்து வித்துக்கிட்டிருந்த ஜார்ஜ் கார்வின் ப்ரவுன், 1870-ல ஓல்ட் ஃபாரஸ்டர்னு ஒண்ணு கொண்டு வந்தார். சீல் வெச்ச கண்ணாடி பாட்டில்ல மட்டும்தான் விக்கும். நடுவுல யாரும் கை வைக்கலைங்கறதுக்கு அந்தப் பாட்டில்தான் சாட்சி. ஆக, பாட்டில்ங்கறது முதல்ல வெறும் பகட்டா வந்ததில்ல, உள்ள இருக்கறதுக்கு ஜாமீனா வந்தது.

1897-ல அரசாங்கமே சட்டம் போட்டுச்சு. 'பாட்டில்டு இன் பாண்ட்'னு லேபிள்ல போடணும்னா ஒரே ஆலையில, ஒரே பருவத்துல காய்ச்சியிருக்கணும். அரசாங்க மேற்பார்வையில இருக்கற கிடங்குல குறைஞ்சது 4 வருஷம் கிடக்கணும். சரியா 50 சதவீத ஆல்கஹால் இருக்கணும். இன்னிக்கும் இது செல்லும். இதுல பெரிய காமெடி என்னன்னா, இந்த வார்த்தை போட்ட பல பாட்டில் கடையில கீழ்த் தட்டுல, சொங்கி மாதிரி ஒரு லேபிளோட, 20 டாலர் பக்கத்துல கிடக்கும்.

அலங்காரம் மார்க்கெட்டிங்கா மாறினதுக்கு நல்ல உதாரணம் மேக்கர்ஸ் மார்க். பாட்டில் கழுத்துல சிவப்பு மெழுகு வழியுமே, அதுதான். 1950-கள்ல பில் சாமுவேல்ஸ் ரைக்கு பதிலா கோதுமை போட்டு புதுசா ஒரு கலவை பிடிச்சார். ஆனா பேர், லேபிள், பாட்டில் வடிவம், மெழுகு எல்லாம் அவர் மனைவி மார்ஜி யோசனை. வீட்டுச் சமையக்கட்டுலயே மெழுகை உருக்கி முக்கிப் பாத்திருக்காங்க. அந்த வழியற மெழுகு எவ்வளவு பெரிய சொத்துன்னா, அதே மாதிரி மெழுகு போட்ட ஒரு டெக்கீலா மேல கேஸ் போட்டு, 2012-ல அப்பீல் கோர்ட் வரைக்கும் போய் ஜெயிச்சாங்க.

அடுத்த வருஷமே நடந்தது இன்னும் சுவாரஸ்யம். 2013 பிப்ரவரியில, சரக்கு பத்தலைன்னு சொல்லி 45 சதவீதத்தை 42 ஆக்கப் போறோம்னாங்க. மெழுகு அதே மெழுகு, பாட்டில் அதே பாட்டில். ஆனா குடிக்கற மக்கள் போட்ட சத்தத்துல ஒரு வாரம் பத்து நாளுக்குள்ள முடிவை வாபஸ் வாங்கிட்டாங்க. பாட்டிலுக்கு மயங்கறவன் முட்டாள்னு நெனக்கறவங்க இதை யோசிக்கணும். மெழுகைப் பாத்து வாங்கினவனும் அந்த நம்பரைப் படிச்சுக்கிட்டுதான் இருந்திருக்கான்.

இப்ப நம்ம குதிரைக்கு வருவோம். ப்ளான்டன்ஸ் வந்தது 1984-ல. அப்போ அமெரிக்காவுல போர்பன் படுத்துக் கிடந்த காலம். வோட்கா பக்கம் எல்லாரும் போயிட்டாங்க, போர்பன்னா தாத்தா குடிக்கறதுன்னு பேராயிடுச்சு. இன்னிக்கு பஃபலோ ட்ரேஸ்னு பேர் இருக்கற ஆலை, கென்டக்கி ஃப்ராங்ஃபர்ட்ல. அங்க எல்மர் டி. லீன்னு ஒருத்தர். 1949-ல பராமரிப்பு இன்ஜினியரா சேர்ந்து தலைமை வடிப்பாளர் ஆனவர் (நம்ம இனம்!). வழக்கமா பல பீப்பாயை ஒண்ணாக் கலந்துதான் பாட்டில்ல அடைப்பாங்க. இவர் ஒரு பீப்பாய், அது ஒண்ணையே பாட்டில்ல போடுன்னு ஆரம்பிச்சார். பழைய முதலாளி ஆல்பர்ட் ப்ளான்டன் விருந்தாளிகளுக்குன்னு நல்ல பீப்பாயாப் பொறுக்கி எடுப்பாராம், அதான் பேருன்னு கம்பெனி சொல்ற கதை. ஜப்பான்காரங்க இதை அள்ளிக்கிட்டாங்க. செத்துக்கிட்டிருந்த தொழில் தலை தூக்கினதுல இந்த மாதிரி பாட்டிலுங்களுக்கும் பங்கு உண்டு. அதனால அந்தக் குதிரையை வெறும் பந்தான்னு ஒதுக்க எனக்கு மனசு வரல.

லேபிள் பாக்கறதும் ரெஸ்யூமே பாக்கற மாதிரிதான். "டைனமிக், ரிசல்ட் ஓரியண்டட்"னு எழுதியிருந்தா நாம நம்பறோமா? எந்த ப்ராஜெக்ட், எத்தனை வருஷம்னுதானே பாப்போம். 'ஸ்மால் பேட்ச்'ங்கறதுக்கு சட்டத்துல அர்த்தமே கெடையாது. பத்து பீப்பாயும் ஸ்மால்தான், ஆயிரமும் ஸ்மால்தான். ஆனா 'போர்பன்'ங்கற வார்த்தைக்கு அர்த்தம் உண்டு. அமெரிக்காவுல செஞ்சிருக்கணும், 51 சதவீதமாவது சோளம் இருக்கணும், உள்பக்கம் தீயில கருக்கின புது ஓக் பாத்திரத்துல வெச்சிருக்கணும். 'ஸ்ட்ரெயிட்'னு இருந்தா குறைஞ்சது 2 வருஷம். 4 வருஷத்துக்குக் கீழன்னா வயசை எழுதியே ஆகணும்.

கதையை நம்பி ஏமாந்ததும் உண்டு. டெம்பிள்டன் ரைன்னு ஒண்ணு (இது போர்பன் இல்ல, ரை விஸ்கி). அயோவாவோட சின்ன ஊர், மதுவிலக்கு காலம், அல் கபோனுக்குப் பிடிச்ச சரக்குன்னு கதை. காய்ச்சினது இந்தியானா மாநிலம் லாரன்ஸ்பர்க்ல ஒரு பெரிய ஆலையில. எங்க ஊர்லேர்ந்து அரை மணி நேரம்தான். கேஸாகி, 2015-ல சமரசமாகி, காய்ச்சினது இந்தியானாவுலன்னு லேபிள்ல போட வேண்டியதாச்சு. சரக்கு மோசம்னு கேஸ் இல்ல, கதை பொய்ங்கறதுதான் கேஸ்.

ப்ளான்டன்ஸ் லேபிள் இந்த விஷயத்துல தேவல. பீப்பாய் நம்பர், எந்தக் கிடங்கு, எந்த அடுக்கு, எப்ப பீப்பாயைக் கவுத்தாங்க எல்லாம் இருக்கு. வயசு மட்டும் இல்ல.

சரி, நாக்கு என்ன சொல்லுது? ரூம்மேட் ரெண்டு பேரும் நானும் ஒரு சனிக்கிழமை உக்காந்தோம். ப்ளான்டன்ஸ் (46.5 சதவீதம்), அதே ஆலையோட சாதா பஃபலோ ட்ரேஸ் (45), மேக்கர்ஸ் மார்க் (45), எவன் வில்லியம்ஸ் பாட்டில்டு இன் பாண்ட் (50). குடிக்கவே குடிக்காத ஒரு ரூம்மேட்டோட மனைவி சமையக்கட்டுல ஊத்தி, கிளாசுக்கு அடியில அ, ஆ, இ, ஈன்னு ஒட்டி, லிஸ்டை ஒளிச்சு வெச்சுக்கிட்டாங்க. ஆளுக்கு ஒவ்வொண்ணுலயும் ஒரு மடக்கு.

எல்லாத்துலயும் கொஞ்சம் முத்திப்போன வெல்லப்பாகு வாசம். அது கலர் பொடி இல்ல. ஓக் மரத்தைக் கருக்கும்போது மரத்துல இருக்கற சர்க்கரை பாகாகி, லிக்னின் உடைஞ்சு வெனிலா வாசம் வருது. ஒண்ணு தொண்டையில கொஞ்சம் பிடிச்சுது (50 சதவீதம்!). ஒண்ணு பொரி உருண்டை மாதிரி சாதுவா இருந்துச்சு, அது கோதுமைக்காரர். முதல் ரவுண்டுல எனக்கு ப்ளான்டன்ஸ் முதல், மயிரிழையில பஃபலோ ட்ரேஸ் ரெண்டாவது. இன்னொருத்தனுக்கு இது அப்படியே தலைகீழ். மூணாவது ஆளுக்கு எவன் வில்லியம்ஸ்தான் ராஜா. வரிசையை மாத்தி ரெண்டாவது ரவுண்டு ஓட்டினா, நானே எவன் வில்லியம்ஸை மேல வெச்சிருக்கேன். அதே டெஸ்ட் கேஸ், ரெண்டாவது ரன்ல வேற ரிசல்ட். எந்த க்யூஏ இதை பாஸ் பண்ணுவான்?

பாட்டில்களை மேசைக்குக் கொண்டு வந்த பிறகு நடந்ததுதான் ஹைலைட். குதிரை கண்ணுல பட்டதும் ப்ளான்டன்ஸ்ல ஆரஞ்சுத் தோல் வருதுன்னான் ஒருத்தன். தேன் வருதுன்னான் இன்னொருத்தன். அரை மணி நேரம் முன்னாடி அதே சரக்குக்கு "ம்ம்... பரவால்ல"ன்னு எழுதினவன்!

நடிக்கறான்னு நெனச்சேன். இல்லையாம். 2008-ல கால்டெக், ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனை செஞ்சாங்க. ஒரே ஒயினை 10 டாலர்னு ஒரு தடவை, 90 டாலர்னு ஒரு தடவை சொல்லிக் குடுத்து, மூளையை ஸ்கேன் பண்ணாங்க. விலை அதிகம்னு சொன்னப்போ நல்லா இருக்குன்னு வாயால சொன்னதோட, இன்பத்தைப் பதிவு பண்ற மூளைப் பகுதியும் கூடுதலா வேலை செஞ்சிருக்கு. ஆக குதிரையும் ருசிக்குது. நிஜமாவே.

என் தீர்ப்பு இதான். ப்ளான்டன்ஸ் நல்ல சரக்கு, ஏமாத்து இல்ல. ஆனா அதுல கிடைக்கறதுல பெரும்பகுதி, பாதி விலைக்குக் கீழ பஃபலோ ட்ரேஸ்ல கிடைக்குது. மிச்சக் காசு குதிரைக்கு. எனக்காக வாங்கினா கீழ்த் தட்டுல குனிஞ்சு எடுப்பேன்.

மாமாவுக்கு? இங்க ஓஹையோவுல கடை தனியாருது, ஆனா மதுபானத்துக்கு விலை வைக்கறது மாநில அரசு. அந்த விலைக்கு, 70 டாலருக்குள்ள, ஒரு காலையில வரிசையில நின்னு ஒரு பாட்டில் கெடச்சுது. ஊருக்கு 2 லிட்டர் வரைக்கும் வரியில்லாம கொண்டு போகலாம், இன்னொண்ணும் தாராளமாப் போகும். ஆத்துக்கு அந்தப் பக்கம் கென்டக்கியில ஒரு கடையில 150 சொன்னான். கையில காசும் இருந்துச்சு. யோசனை பண்ணிக்கிட்டே வீட்டுக்கு ஃபோன் போட்டா அத்தை எடுத்தாங்க.

"ஏன் கண்ணு, உள்ள இருக்கறதைக் கொட்டிட்டு பாட்டிலை மட்டும் கொண்டாந்தா ஆகாதா? டாக்டர் சுகர் முந்நூறுங்கறாரு."

சிரிச்சேன், அவங்க சிரிக்கல. 2015-ல என் முதல் வருஷ இன்ஜினியரிங் ஃபீசுக்கு மாமா பேங்குல வெச்சது அத்தையோட ரெண்டு வளையல். ரெண்டு தடவை வட்டி கட்டித் திருப்பி, மூணாவது தடவை முழுகிப்போச்சு. குடுத்தது மாமான்னுதான் குடும்பத்துல எல்லாரும் சொல்றோம். கழட்டிக் குடுத்த கையை யாரும் சொல்றதில்ல. அவர் ரிட்டயர் ஆகறதுக்கு நான் எந்தச் சரக்கு ஒசத்தின்னு டேபிள் போட்டு டெஸ்ட் பண்ணிக்கிட்டிருந்தேன். அந்த லிஸ்ட்ல அத்தை பேர் எங்கயுமே இல்ல.

ரெண்டாவது பாட்டில் வாங்கல. அந்தக் காசுல வளையல் வராது, தங்கம் விக்கற விலைக்கு ஒரு கிராமுக்குக்கூடப் பத்தாது. அதுக்குத் தனியா சீட்டுப் போட்டிருக்கேன், வர்ற தையில எடுக்கணும். மாமாவுக்கு அந்த ஒரு பாட்டில் போகும். சாவி அத்தை கையில. எப்ப, எவ்வளவுன்னு அவங்கதான் முடிவு பண்ணுவாங்க. மாமாகிட்டயும் சொல்லிட்டேன். "குதிரை எனக்கு, தண்ணி அவளுக்கா?"ன்னு கேட்டுட்டு, "சரி, பாட்டில் ஒடையாம வந்தாப் போதும்"னார். டிவிக்கு மேல காலி ஸ்காட்ச் பாட்டில்ல மணி ப்ளாண்ட் வளக்கற வீடு அது. அவருக்குப் பாட்டிலோட மதிப்பு என்னைவிட நல்லாவே தெரியும்.

டிஸ்கி: இது குடிங்கன்னு சொல்ற பதிவு இல்ல. சுகர் இருக்கறவங்க அத்தை பேச்சைக் கேளுங்க.

டிஸ்கி 2: உங்க வீட்டு ஷோகேஸ்லயும் சரக்கு தீர்ந்து இருபது வருஷமான ஒரு பாட்டில் நிக்குமே, அதோட கதையைச் சொல்லிட்டுப் போங்க மக்கா :)